வட்ட சீல்

பிப்ரவரி 4

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே உன் சுகத்துக்கு உடனே பதில் போடவும்.

உன் கடிதம் கிடைத்தது. அக்காவை எதிரே உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். நீ ரொம்பச் சுருக்கமாக எழுதியிருந்தாய். வெளிநாட்டில் இருக்கிற பெண் எழுதினால் கொஞ்சம் நீளம் வேண்டாமா? அதனால் நீ எழுதாத இரண்டு வரியையும் சேர்த்தே வாசித்தேன். அந்த வீட்டு அம்மா உன்னைக் கூடப்பிறந்த தங்கை மாதிரி வைத்திருக்கிறார், வீட்டுச் சாவிக்கொத்தே உன் இடுப்பில்தான் தொங்குகிறது என்று. அக்காவுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் சந்தோஷப்படத் தெரியும். கடைசியில், அவள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எப்போதும்போலக் கேட்டிருந்ததை வாசித்தேன். அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி எழுந்து போய்விட்டாள்.

கடை அமோகம். நம் ஊர்ப் பெரிய ஆபீசிலிருந்து போன வாரம் ஜீப்பே வந்தது. பெரிய அதிகாரி இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வெட்டுற ரப்பர் ஸ்டாம்ப் இல்லாம ஒரு பைலும் நகர மாட்டேங்குதே" என்றார். "அவசரப்படாதீங்க சார், வரிசைல வாங்க" என்றேன் நான்.

ஒன்று கேட்க வேண்டும். கடிதத்தை மருந்து டப்பாவைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அத்தனை பெரிய வீட்டில் தாளுக்கா பஞ்சம்? அனுப்புநர் இடத்தில் யாரோ டிரைவர் என்று வேறு இருக்கிறதே.

உறைமேல் "அவசரம்" சீல் குத்தியிருக்கிறேன். அதைக் கண்டால் எந்த நாட்டுத் தபால்காரனும் ஓடித்தான் ஆக வேண்டும்.

உன் சீல் மாமா

மார்ச் 2

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

நீங்களும் அம்மாவும் நல்லபடியாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்காதீர்கள்.

படுக்கையில் கிடந்த ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை இங்கே அழைத்து வந்தார்கள். அவர் போன மழைக்காலத்திலேயே போய்விட்டார். என் ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. ஊருக்கு அனுப்புங்கள் என்றால் வீட்டு அம்மா சிரிக்கிறார். பாஸ்போர்ட் வீட்டு ஐயாவின் அலமாரியில் இருக்கிறது. அவர்கள் வெளியே போகும்போது கதவை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போகிறார்கள். பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன் நம் மொழிக்காரர். சமையலறை ஜன்னல் கம்பி வழியாக அவரிடம்தான் கடிதங்களைக் கொடுக்கிறேன், வாங்குகிறேன்.

எனக்கு முன்னால் இங்கே இருந்த பெண்ணை மலைப்பக்கம் இருக்கும் ஐயாவின் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார்களாம். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவளுடைய செருப்பு இன்னும் பின்கட்டில் கிடக்கிறது. தினமும் அதை நகர்த்தி வைத்துத்தான் பெருக்குகிறேன். என்னையும் அங்கே அனுப்பப் போவதாக அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் பேச்சு எனக்கு இப்போது புரிகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கென்று நம் தூதரகத்தில் தனிப் பிரிவே உண்டாம். வக்கீல், மொழிபெயர்க்க ஆள், தங்க இடம் எல்லாம் தருவார்களாம். ஆனால் அவர்களாக ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது. குடும்பத்தார் எழுதிய மனு ஊரிலிருந்து வந்தால், அதை வைத்து இங்கத்திய போலீஸோடு வருவார்கள். நம் பெரிய ஆபீசில் அதற்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. என் பாஸ்போர்ட் நகலும் ஒப்பந்த நகலும் அம்மாவின் பெட்டியில் இருக்கின்றன. மனு கொடுங்கள் மாமா. உங்கள் கதை எதுவும் சேர்க்காமல், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

பதிலை டிரைவர் அண்ணன் முகவரிக்கே போடுங்கள். இந்த வீட்டு முகவரிக்கு எதுவும் வரக்கூடாது. இங்கே வரும் தபால் எல்லாவற்றையும் ஐயாதான் பிரிப்பார்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் மருமகள்

மார்ச் 21

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் முழங்காலும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உன் கடிதத்தைப் படித்த கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மேற்படி ஆபீசுக்குள் நான் நுழைந்ததும் பாதிப்பேர் எழுந்து நின்றார்கள். அந்த ஜன்னலில் இருக்கிற அம்மாள் மட்டும் புதுசு போலிருக்கிறது. "வரிசைல வாங்க" என்றார்.

"அம்மா, உங்க மேஜை மேல இருக்குதே அந்த சீல், அதை வெட்டினது யாருன்னு நெனைக்கிறீங்க?"

"யார் வெட்டினா என்னங்க. பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க. பாஸ்போர்ட் நகல் வச்சிருக்கீங்களா?"

நகலாம். நான் கையோடு கொண்டுபோகவில்லை. அதற்குள் விஷயம் தெரிந்து பெரிய அதிகாரியே உள்ளேயிருந்து ஓடிவந்து, உட்காரவைத்து, காபி கொடுத்து, "உங்க மருமகள் எங்க மருமகள் மாதிரி" என்று தோளில் கைபோட்டார். எல்லாம் முடிந்தது என்றே வைத்துக்கொள்.

ஆளில்லாதவன்தான் மனு மனு என்று அலைய வேண்டும் மருமகளே. உனக்கு மாமா இருக்கிறேன். அரசாங்கம் எதில் நடக்கிறது என்று முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதினவன் யார், என்ன எழுதினான் என்று எவனும் பார்ப்பதில்லை. அடியில் வட்டமாக ஒன்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். நிம்மதியாகத் தூங்கு.

உன் சீல் மாமா

ஏப்ரல் 10

அன்புள்ள மாமாவுக்கு,

அங்கே அனைவரும் சுகம்தானே. இங்கே நான் இருக்கிறேன்.

டிரைவர் அண்ணன் தூதரகத்துக்குப் போன் செய்து கேட்டார். என் பெயரில் இன்னும் எந்த மனுவும் வரவில்லை என்கிறார்கள். மனு எண் இருந்தால் சொல்லுங்கள், தேடிப் பார்க்கிறோம் என்கிறார்கள். உங்களுக்கு ஒரு ரசீது கொடுத்திருப்பார்களே, அதில் இருக்கும் எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

நேற்று வீட்டு அம்மா எனக்கு ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தார். இங்கே இப்போது புழுக்கம் தாங்கவில்லை, மலைப்பக்கம்தான் குளிருமாம். போட்டுப் பார்க்கச் சொன்னார், பொருந்துகிறதா என்று சுற்றி வந்து பார்த்தார். உள்கழுத்தில் வேறு யாரோ ஒருத்தியின் தலைமுடி ஒட்டியிருந்தது.

மாமா, நீங்கள் மனு கொடுத்தீர்களா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். கோபப்பட மாட்டேன்.

அம்மாவின் முழங்காலுக்கு அந்தத் தைலத்தையே தேய்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 27

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. அக்கா சுகம், தைலம் சுகம், நான் அதிசுகம். ஏனென்று கேள்.

மனுவாவது கினுவாவது. அதைவிடப் பெரிய காரியம் செய்திருக்கிறேன். பக்கத்துக் கடையில் டைப் அடிக்கிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"என்ன அடிக்கணும்?" என்றார்.

"தூதரகத்துல இருந்து அந்த வீட்டுக்காரனுக்கு ஒரு ஆர்டர். ஒரு வாரத்துக்குள்ள பெண்ணை அனுப்பலைன்னா நடக்கிறதே வேறன்னு இங்கிலீஷ்ல அடி."

"நடக்கிறதே வேறன்னா என்னன்னு போட?"

"அவனே நெனைச்சுக்கட்டும். பயப்படற மாதிரி அடி, போதும்."

அப்புறம் சீல். என் ஆயுசில் இப்படி ஒன்று வெட்டியதில்லை. வட்டத்துக்குள் வட்டம், நடுவில் தூண் வைத்த மண்டபம், சுற்றிலும் எழுத்து. மூன்று நாள் கடையைச் சாத்திக்கொண்டு வெட்டினேன். ஊதா மை போட்டுக் குத்தியதும் எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது. நிஜமான தூதரகத்தில்கூட இப்படி ஒன்று இருக்காது.

ஒப்பந்தத்தில் இருந்த வீட்டு முகவரியைப் பார்த்து நேரே அந்த ஐயாவுக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவர்தானே தபாலைப் பிரிப்பார் என்று எழுதியிருந்தாய், பிரிக்கட்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவர் உன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார் பார்.

நீ வந்து இறங்கும் அன்றைக்கு நான் என்ன சட்டை போட வேண்டும் என்று அக்கா கேட்கிறாள்.

உன் சீல் மாமா

ஜூன் 2

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

மே மாதம் முழுக்க உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கிளம்புகிற மும்முரத்தில் இருப்பாய் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். தபால்காரரைத் தெருமுனையிலேயே மடக்கிக் கேட்டேன். "வந்தா கொடுக்க மாட்டேனா? எனக்கென்ன அதை வச்சு ஊறுகாய் போடப் போறேனா?" என்கிறார்.

அக்கா தினமும் கேட்டாள். அதனால் நேற்று கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உன் கடிதம் என்று முழுசாக வாசித்தேன். நன்றாகத்தான் வந்தது. வீட்டு அம்மா உனக்குக் கொடுத்த பரிசெல்லாம் சொன்னேன். முடித்ததும் அவள், "என் காலைப் பத்திக் கேக்கலையா?" என்றாள். எனக்கு அது மறந்துபோயிருந்தது. "இருக்கு, பின்பக்கம் இருக்கு" என்றேன். அவள் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்பது எழுத்து தெரியாதவளுக்கும் தெரியும் இல்லையா. தாளை மடித்து என் பையிலேயே வைத்துவிட்டாள்.

ஒரு வரி போடு. மருந்து அட்டையாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் மாமா

ஜூன் 18

ஐயா அவர்களுக்கு,

உங்கள் மருமகள் வேலை செய்யும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு டிரைவர் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அக்காவும் நலமாயிருப்பீர்கள். இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய ஆர்டரை அந்த வீட்டுக்காரர் நேரே போலீசுக்கு எடுத்துக்கொண்டு போனார். தூதரகத்தில் விசாரித்தார்கள். அது எங்கள் சீல் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள், அப்படித்தானே சொல்ல முடியும். வேலைக்காரப் பெண் ஆள் வைத்துப் போலி அரசாங்கக் காகிதம் செய்து மிரட்டினாள் என்று கேஸ் போட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த ஊரில் அது சின்னக் குற்றம் இல்லை. வருஷக்கணக்கில் உள்ளே வைப்பார்கள்.

விஷயம் தெரிந்ததும் நான் தூதரகத்துக்கு ஓடினேன். அவர்களுடைய சீலையே போலியாகச் செய்த கேஸ்தான், இருந்தும் நம்ம நாட்டுப் பொண்ணு என்று மறுநாளே ஒரு அதிகாரி மொழிபெயர்ப்பாளரோடு போய் அவளைப் பார்த்தார். அவள் சிறைக்குள் போனதும் புரியாத மொழியில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். நல்லவேளை, அவள் போடவில்லை. இனி வக்கீல் இல்லாமல் எதிலும் போடாதே என்று அதிகாரி சொல்லியிருக்கிறார்.

செய்தது யார் என்று அவர் கேட்டாராம். "எனக்குத் தெரியாதுங்க" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. செய்தவன் தானே முன்வந்து அங்கே ஊரில் நம் அரசாங்க அதிகாரி முன்னால் எழுதிக் கொடுத்தால் ஒழிய அவளை வெளியே கொண்டுவருவது கஷ்டம் என்று வக்கீல் சொல்கிறார். எனக்கு யாரென்று தெரியும். நான் சொல்லவில்லை, சொல்லக்கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

இப்படிக்கு,
டிரைவர்

ஜூலை 9

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இதை அந்த அதிகாரி மூலமாக உன்னிடம் சேர்ப்பதாக டிரைவர் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்கத் தோன்றுகிறது.

மறுபடி மேற்படி ஆபீசுக்குப் போனேன். இந்தத் தடவை வரிசையில்தான் நின்றேன். அதே ஜன்னல் அம்மாள். பாஸ்போர்ட் நகல், ஒப்பந்த நகல் இரண்டையும் நீட்டினேன்.

"போலி சீல் கேஸா? எங்களுக்கும் தகவல் வந்திருக்கு. இதுல நீங்க என்னங்க செய்யணும்?"

"அதை வெட்டினதே நான்தாங்க."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். "மேடம், இவர் அப்படித்தான். போன மாசம் மந்திரிக்கே சீல் வெட்டினேன்னு டீக்கடைல சொல்லிட்டிருந்தார். பாவம், மருமகளைக் காப்பாத்த அடிச்சு விடறார்" என்றார்.

என்னை ஒருவரும் நம்பவில்லை மருமகளே. சத்தியம் செய்தேன். சரி சரி போய் வாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். அந்த ஜன்னல் மூடிவிட்டால் உன் கதவும் மூடிவிடுமே. பையிலிருந்து கத்தியையும் ஒரு துண்டு ரப்பரையும் எடுத்து அவர் மேஜையிலேயே வைத்து வெட்ட ஆரம்பித்தேன். முதலில் "என்னங்க இது" என்றார்கள். மண்டபத்தின் இரண்டாவது தூண் வந்தபோது பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டு மணி அடித்தது, யாரும் எழுந்து போகவில்லை. குத்தும்போது மேல்பக்கம் தெரிவதற்காக ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்பது என் வழக்கம். அதையும் வைத்தேன். மை தொட்டுக் குத்தி, அங்கேயிருந்து வந்திருந்த போலி சீலின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். புள்ளியும் புள்ளியும் ஒரே இடத்தில் இருந்தன.

"ஐயா, இதுக்கு என்ன தண்டனைன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அந்த அம்மாள், மெதுவாக.

"வேலை எப்படி, அதைச் சொல்லுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு நான் போட்ட கையெழுத்து கோணல் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மின்விசிறிக் காற்று. ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். வாசலில் எனக்காக ஜீப் நிற்கிறது. நிஜமாகவே ஜீப் வந்திருக்கிறது. டீக்கடைக்காரர் இதைத் தபாலில் போடுவார். அவரிடம் கடைச் சாவியையும் கொடுத்திருக்கிறேன்.

உன் சீல் மாமா

ஆகஸ்ட் 16

அன்புள்ள மாமாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? நான் தூதரகம் நடத்தும் விடுதியில் இருக்கிறேன். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. முதல் நாள் முழுக்க அதைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தேன்.

ஊரிலிருந்து வந்த வாக்குமூலத்தை வக்கீல் நீதிபதியிடம் மொழிபெயர்த்துக் கொடுத்தார். கேஸிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஐயாவிடமிருந்து பாஸ்போர்ட்டையும் வாங்கிக் கொடுத்தார்கள். மலைப்பக்கம் போன அந்தப் பெண்ணைப் பற்றி நான் எழுதிக் கொடுத்ததும் அங்கேயும் ஆள் அனுப்பினார்கள். அவள் இப்போது பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை. அந்த வீட்டிலிருந்து என் சாமானோடு எடுத்து வந்திருந்த செருப்பைக் கொடுத்தேன், வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் இருந்த இடத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. ராத்திரியெல்லாம் அங்கே விளக்கை அணைக்கவே மாட்டார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வாக்குமூலத்தின் அடியில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதிகாரியிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். டிரைவர் அண்ணனிடம் கேட்டால் கார்க் கண்ணாடியைத் துடைக்கிறார். மாமா, எங்கே இருக்கிறீர்கள்?

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் மருமகள்

செப்டம்பர் 5

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நான் சுகத்துக்கு மேல் சுகம். உன் கடிதத்தை டீக்கடைக்காரர் நேரில் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் பேசும்போது நடுவில் ஒரு கம்பி வலை இருந்தது. கொசுவுக்காகப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு பெரிய அரசாங்க வேலையாக வந்திருக்கிறேன், நீ ஊர் வந்ததும் அக்காவிடமும் அப்படியே சொல்லவும். என்ன மரியாதை தெரியுமா? சுற்றிலும் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு மதில். என் அறை வாசலில் எந்நேரமும் ஒரு காவல்காரர் நிற்கிறார். நான் புறப்படுகிறேன் என்றாலும் விடுவதில்லை, அத்தனை பிரியம். வேளைக்குச் சாப்பாடு தட்டிலேயே வந்துவிடுகிறது. அறையில் என்னோடு இருக்கிறவர்கள் எல்லாம் எதற்கெடுத்தாலும் என்னைத்தான் யோசனை கேட்கிறார்கள். ஒருவன் மட்டும் கொஞ்சம் முரடன். என் போர்வையை அவனுக்கே கொடுத்துவிட்டேன். எனக்குத்தான் குளிரே தெரியாதே.

ராத்திரியில் விளக்கை மட்டும் அணைப்பதில்லை. என் பாதுகாப்புக்காகவாம். தூக்கம் கொஞ்சம் குறைவு.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்கா வக்கீல்? நானே எழுந்து பேசினால் நீதிபதி பேனாவை மூடிவிடுவார் என்றேன். எவ்வளவு நாள் ஆகும் என்று மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

உறைமேல் "அவசரம்" குத்த இங்கே வசதி இல்லை. அவர்களே எல்லாக் கடிதத்திலும் ஒரு சீல் குத்தி அனுப்புகிறார்கள். பார்த்தாயா, ஓரமெல்லாம் பிசிறு. நான் வெட்டியது இல்லை.

இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டவும்.

உன் சீல் மாமா

செப்டம்பர் 28

அன்புள்ள மாமாவுக்கு,

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் அந்த ஜன்னல் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். உங்களைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். வக்கீல் வைக்க முடியாதவர்களுக்கு அரசாங்கமே இலவசமாக வைத்துக் கொடுக்குமாம். வெளிநாட்டில் எனக்குக் கிடைத்தது உள்ளூரில் உங்களுக்குக் கிடைக்காதா? மனு எழுதினேன், வரிசையில் நின்று கொடுத்தேன், ரசீது வாங்கியிருக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை வக்கீல் உங்களைப் பார்க்க வருவார். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மந்திரியைப் பற்றி அவரிடம் பேச வேண்டாம்.

ராத்திரியில் துண்டை ஈரமாக்கிக் கண்மேல் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுங்கள். வெளிச்சம் கொஞ்சம் குறையும். இன்னொரு போர்வை கொடுத்தனுப்புகிறேன். அதை அந்த ஆளுக்குக் கொடுக்காதீர்கள்.

கடை முன்னால் தூசி. கூட்டினேன். டைப் அடிக்கிறவர் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

உறையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். நீங்கள் எழுதாத இரண்டு வரியையும் சேர்த்தே வாசித்தேன். முடித்ததும் அம்மா, "என் காலைப் பத்திக் கேக்கலையா அவன்?" என்றாள்.

முன்பக்கத்திலேயே இருக்கிறது என்று விரல் வைத்து வாசித்தேன். அந்த இடத்தில் நீங்கள் சாப்பாட்டுத் தட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அம்மா என் விரலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றாள்.

அடுத்த கடிதத்தில் நீங்களே கேட்டுவிடுங்கள் மாமா.

உங்கள் மருமகள்